திருப்பி அனுப்பிய சோபா: குறைந்த செலவில் நிரம்பிய ஒரு வாடகை வீடு

சொந்தமாக ஒரு நாற்காலிகூட இல்லாமல் வாடகை வீட்டுக்குக் குடிபோன ஒரு தம்பதி, கைமாறிய சாமான்களையும் தாங்களே செய்த சாமான்களையும் வைத்து அந்த வீட்டை எப்படி நிரப்பினார்கள் என்பதுதான் இந்த ஆய்வு. இருவரும் எனக்கு வேண்டியவர்கள். மரவேலை கொஞ்சம் தெரிந்தவன் என்பதால் என்னைக் கூப்பிட்டார்கள். பெயர், ஊர் எல்லாம் இங்கே தேவையில்லை.

குறைந்த செலவில் வீட்டை அலங்கரித்த கதைகளில் எதை எவ்வளவு மலிவாகப் பிடித்தோம் என்பதுதான் பெரும்பாலும் பேச்சாக இருக்கும். இந்த வீட்டைப் பொறுத்தவரை எதை வாங்காமல் விட்டார்கள் என்பதைத்தான் பார்க்க வேண்டும். பணம் மிச்சமானது அங்கேதான்.

வீடும் நிபந்தனைகளும்

ஒரு கூடம், ஒரு படுக்கையறை, சின்னச் சமையலறை. கையில் இருந்த தொகைக்கு ஒரு புதுக் கட்டிலும் சோபாவும் வாங்கினால் பை காலி. அந்தப் பெண் அப்போது கர்ப்பமாக இருந்தார். குழந்தை வருவதற்குள் வீடு ஓரளவு தயாராக வேண்டும். சுவரில் புதிதாக ஓட்டை போடக் கூடாது என்பது வீட்டுக்காரரின் கண்டிப்பு.

முதலில் வாங்கியது மெத்தை. அது மட்டும் புதிது, கட்டில் இல்லாமல். பழைய மரத்தைச் சுரண்டலாம், தேய்க்கலாம், புதிதாகப் பூசலாம். பழைய மெத்தைக்குள் என்ன இருக்கிறது என்று யாராலும் பிரித்துப் பார்க்க முடியாது. இருந்த பணத்தில் பெரிய பங்கு அதற்கே போனது. எனக்கு அதில் மறுப்பே இல்லை.

அப்புறம் இஞ்சு டேப்பை எடுத்தோம். கதவின் அகலம், படிக்கட்டு திரும்பும் இடத்தின் அகலம், ஒவ்வொரு சுவரின் நீளம், ஜன்னல் அடிவிளிம்பு தரையிலிருந்து எவ்வளவு உயரம், மின்சார பிளக் எங்கே இருக்கிறது என்று எல்லாவற்றையும் அவர்கள் போனில் குறித்து வைத்துக்கொண்டார்கள். பழைய சாமான் வாங்குவதில் பணம் வீணாகும் முக்கியமான வழி விலை இல்லை, வண்டிக்கூலி. உள்ளே நுழையாத அலமாரிக்குக் கொண்டுவரவும் கூலி, திருப்பி எடுத்துப்போகவும் கூலி. அந்தக் குறிப்பு கையில் இருந்ததால் பல சாமான்களை நேரில் போய்ப் பார்க்காமலே வேண்டாம் என்று சொல்ல முடிந்தது.

வேண்டாம் என்றவை

வீடு காலியாக இருக்கிறது என்று தெரிந்ததும் சுற்றியிருந்தவர்கள் தாராளமாகக் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். சாமான் விஷயத்தில் முதல் வேலையே பல்லைப் பிடித்துப் பார்ப்பதுதான்.

முதலில் வந்தது ஒரு சோபா. மூன்று பேர் தாராளமாக உட்காரலாம், துணி கிழியவில்லை, ஓசி. வாசலிலேயே கவிழ்த்துப் போடச் சொன்னேன். அடியில் அடித்திருந்த கறுப்புத் துணியின் ஒரு மூலையைப் பிரித்து டார்ச் அடித்துப் பார்த்தால், சட்டத்தின் மூலைகளில் பேனா மையால் தொட்டு வைத்ததுபோல் சின்னச் சின்னக் கரும்புள்ளிகள். தையல் மடிப்பில் வெளிறிய சட்டைகள். மூட்டைப்பூச்சி உரித்துப் போட்டவை அவை. வளர்ந்த பூச்சி 5 மி.மீ. அளவுக்கு இருக்கும், கண்ணுக்குத் தெரியும். முட்டை சுமார் 1 மி.மீ., வெளிர் நிறம், துணியோடு துணியாக ஒட்டிக்கொண்டிருக்கும். இரத்தம் கிடைக்காமலே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கக்கூடிய பூச்சி இது. ‘ரொம்ப நாளாக யாரும் உட்காரவே இல்லை’ என்று கொடுப்பவர் சொல்வதில் ஒரு உறுதியும் இல்லை.

50 டிகிரி செல்சியஸ் சூட்டில் முட்டை உட்பட எல்லாமே செத்துவிடும். துணிமணி என்றால் சுடுநீரில் துவைத்துச் சூட்டில் உலர்த்தினால் போதும். ஒரு சோபாவின் நடுப்பஞ்சு வரை அந்தச் சூடு ஏற வேண்டும் என்றால் அதற்கென்று ஆள் வைக்க வேண்டும், அந்தச் செலவில் வேறு சோபாவே பார்த்துவிடலாம். வெயிலில் போட்டால் சரியாகிவிடும் என்று கொண்டுவந்தவர் சொன்னார். மேல்துணி சுடும், உள்ளே இருப்பவை இன்னும் உள்ளே போகும், அவ்வளவுதான். சோபா வாசல்படி தாண்டாமல் திரும்பிப் போனது. கொடுத்தவருக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

அடுத்தது தொட்டில் கட்டில். ஒரு பக்கக் கம்பிச்சட்டம் மேலும் கீழும் இறங்கும் பழைய மாதிரி. பார்க்க அழகாக இருந்தது, அந்தப் பெண்ணுக்கு மனசே இல்லை விட. ஆனால் அந்த இறங்கும் பக்கத்தின் பிடிப்புகள் நாளடைவில் தளர்ந்து, சட்டத்துக்கும் மெத்தைக்கும் நடுவே குழந்தை சிக்கிக்கொள்ளும் அபாயம் உண்டு. அமெரிக்காவில் 2011 முதல் இந்த மாதிரித் தொட்டில்களை விற்கவே தடை. இதில் கம்பிகளுக்கு நடுவே இடைவெளியும் அதிகம். 6 செ.மீ.க்கு மேல் இருந்தால் சின்னக் குழந்தையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும்.

"பழைய காலத்தில் எல்லாக் குழந்தையும் இதில்தானே அண்ணா வளர்ந்தது?" என்றார் அந்தப் பெண். வளர்ந்தவர்கள்தானே வந்து கதை சொல்கிறார்கள் என்றேன். தொட்டில் புதிதாக வாங்கப்பட்டது. மெத்தையும் தொட்டிலும்தான் இந்த வீட்டில் கடையில் புதிதாக எடுத்த பெரிய சாமான்கள்.

மூன்றாவதாக ஒரு புத்தக அலமாரி. தேக்கு நிறத்தில் பளபளவென்று இருந்தது. இந்தப் பளபளப்பில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். மேல்பலகையில் ஓடும் ரேகை, பலகையின் நுனியில் திரும்பி வெட்டுமுகத்திலும் அதே மரத்தின் தொடர்ச்சியாகத் தெரிந்தால் அது கட்டை மரம். நுனியில் தனியாக ஒரு பட்டை ஒட்டியிருந்தால் உள்ளே வேறு ஏதோ இருக்கிறது. பிளைவுட் என்றால் பட்டை உரிந்த இடத்தில் அடுக்கடுக்காகத் தெரியும். அதை நம்பி வாங்கலாம். மரத்தூளை அழுத்திச் செய்த பார்ட்டிகிள் போர்டு என்றால் துகள் துகளாகத் தெரியும். அதுவும் மோசமில்லை, ஆனால் தண்ணீர் பட்டு ஒருமுறை உப்பிவிட்டால் காய்ந்த பிறகும் பழையபடி ஆகாது. ஸ்க்ரூ கழன்ற ஓட்டையில் திரும்ப ஸ்க்ரூ பிடிக்காது. இந்த அலமாரியின் கால் ஓரங்கள் தரை துடைத்த தண்ணீரைக் குடித்துக் குடித்து உப்பியிருந்தன. வேண்டாம்.

ஒரு பெயிண்ட் அடித்த அலமாரியும் இருந்தது. பல அடுக்குப் பெயிண்ட், மேலடுக்கு செதில் செதிலாக உரிந்துகொண்டிருந்தது. தேய்த்துவிட்டுப் புதிதாக அடிக்கலாம் என்பது அவர்கள் திட்டம். பழைய பெயிண்டில் ஈயம் இருந்திருக்கலாம். அமெரிக்காவிலேயே வீட்டுப் பெயிண்டில் ஈயத்துக்குத் தடை வந்தது 1978-இல்தான். காய்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் அந்த ஈயம் தூளாக வீடு முழுக்கப் பரவும். கர்ப்பிணி இருக்கும் வீடு, சில மாதத்தில் தரையில் தவழும் குழந்தை வரப்போகும் வீடு. சோதித்துப் பார்க்க வழியில்லாத நிலையில் அதைத் தொடாமல் விடுவதுதான் சரி. மரம் நல்ல மரம்தான், எனக்கே கை அரித்தது.

மேஜை

எடுத்துக்கொண்டவற்றில் விரிவாகச் சொல்ல வேண்டியது சாப்பாட்டு மேஜை. ஆடிக்கொண்டிருந்தது, மேலே வெள்ளை வெள்ளையாகத் தம்ளர் வட்டங்கள். அதனாலேயே யாரும் சீண்டவில்லை.

ஆட்டம் என்பது பெரும்பாலும் நல்ல செய்தி. மரம் கெட்டுப்போகவில்லை, மூட்டு மட்டும் விட்டுப்போயிருக்கிறது என்று பொருள். உளுத்த மரம் என்றால் நகத்தால் அழுத்தினாலே தெரியும். வண்டு அரித்திருந்தால் ஒன்றிரண்டு மி.மீ. துளைகளும் அடியில் மாவு மாதிரி தூளும் இருக்கும். இந்த மேஜையில் இரண்டும் இல்லை. இதற்கு முன் வைத்திருந்த யாரோ ஒருவர் ஆட்டத்தை நிறுத்த மூட்டில் ஆணி அடித்து, வெள்ளைப் பசையையும் ஊற்றியிருந்தார். ஆட்டத்தைவிட அந்த வைத்தியம்தான் அதிகத் தொந்தரவு கொடுத்தது.

ஆணிகளைப் பிடுங்கிவிட்டு, மூட்டுகளில் சூடான வினிகரைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் காத்திருந்தோம். வெள்ளைப் பசை அதில் இளகும். பழைய காலத்து வஜ்ஜிரம் (விலங்குத் தோலைக் காய்ச்சிச் செய்த பசை) என்றால் வெந்நீரே போதும். ரப்பர் சுத்தியலால் மெதுவாகத் தட்டத் தட்ட, கட்டையின் நாக்கு துளையிலிருந்து நழுவி வந்தது. அப்புறம்தான் பொறுமையான வேலை. காய்ந்த பழைய பசைமேல் புதுப் பசை பிடிக்காது, ஆகவே நாக்கையும் துளையையும் வெறும் மரம் தெரியும்வரை சுரண்ட வேண்டும். சுரண்டியதில் நாக்கு இன்னும் மெலிந்துவிட்டது. இழைப்புளியில் வந்த மெல்லிய சீவலை அதன் பக்கங்களில் ஒட்டி, துளைக்குள் கையால் அழுத்தினால் இறுக்கமாக இறங்கும் அளவுக்குக் கொண்டுவந்தோம்.

நீளமான கிளாம்ப் யாரிடமும் இல்லை. நான்கு காலையும் சுற்றிக் கயிற்றை இரட்டையாகக் கட்டி, நடுவில் ஒரு குச்சியைச் செருகி முறுக்கினால் கிளாம்புக்கு மேலேயே இறுகும். கயிறு மரத்தில் தழும்பு போடாமல் மூலைகளில் அட்டை வைத்தோம். முறுக்குவதற்கு முன்னும் பின்னும் இரண்டு குறுக்களவையும் டேப்பால் பார்ப்பது முக்கியம். மூலைக்கு மூலை இரண்டும் ஒரே அளவு வந்தால் சட்டம் சதுரமாக நிற்கிறது. இல்லையென்றால் கோணலாகவே காய்ந்து, ஆயுசுக்கும் கோணலாக நிற்கும். ஒரு முழு நாள் அதைத் தொடவில்லை.

தம்ளர் வட்டங்களுக்குப் பெரிய வைத்தியம் தேவைப்படவில்லை. அடிப்பக்கம் மறைவான இடத்தில் ஒரு சொட்டு ஸ்பிரிட் வைத்துப் பார்த்தேன், பூச்சு பிசுபிசுத்தது. அப்படியென்றால் ஸ்பிரிட்டில் கரைத்த அரக்குப் பாலிஷ். வெள்ளை வட்டம் என்பது அந்தப் பூச்சுக்குள் மாட்டிக்கொண்ட ஈரம், மரத்தில் ஏறிய கறை இல்லை. ஸ்பிரிட் தோய்த்து நன்றாகப் பிழிந்த துணியால், நிற்காமல் வேகமாகத் தடவிக்கொண்டே போனால் பூச்சு லேசாக இளகி ஈரம் வெளியேறும். பெரும்பாலான வட்டங்கள் போய்விட்டன. ஒன்று கறுப்பாக இருந்தது, அது மரத்துக்குள் இறங்கிய கறை, அப்படியே இருக்கட்டும் என்று விட்டுவிட்டார்கள். மேலே இரண்டு கை புதுப் பாலிஷ்.

நாற்காலிகள் நான்கும் நான்கு வீட்டுச் சாமான். அவற்றை ஒரே நிறத்தில் பெயிண்ட் அடித்துச் சேர்த்துவிடலாம் என்று கணவர் நினைத்தார். நான் உட்காரும் உயரத்தை அளக்கச் சொன்னேன். மேஜை 75 செ.மீ. என்றால் இருக்கை சுமார் 45 செ.மீ. வர வேண்டும், நடுவில் ஒரு 30 செ.மீ. இருந்தால்தான் கையும் முழங்காலும் நிம்மதியாக இருக்கும். நான்கில் ஒன்று 48. அதைச் சமமான தரையில் நிறுத்தி, ஒரு கட்டையின்மேல் பென்சிலைப் படுக்க வைத்து நான்கு காலையும் சுற்றிக் கோடு போட்டு, கோட்டில் அறுத்தோம். ஒரு காலை மட்டும் பார்த்து அறுத்து, பிறகு ஆடுகிறது என்று அடுத்த காலை அறுத்து, கடைசியில் முக்காலியாக்கியவர்களைப் பார்த்திருக்கிறேன். நாற்காலிகள் வேறு வேறாக இருப்பது கண்ணை உறுத்துவதில்லை. உயரம் வேறு வேறாக இருந்தால் உறுத்தும். பெயிண்ட் அடிக்கவே இல்லை.

கையால் செய்தவை

இத்தாலிய வடிவமைப்பாளர் என்சோ மாரி 1974-இல், கடையில் கிடைக்கும் பலகையையும் ஆணியையும் மட்டும் வைத்து யார் வேண்டுமானாலும் செய்துகொள்ளும்படி மேஜை, நாற்காலி, கட்டில்களுக்கு வரைபடம் வெளியிட்டார். தபால் செலவை அனுப்பியவர்களுக்கு வரைபடம் இலவசம். அதற்கும் முன்பே, 1934-இல், நெதர்லாந்து வடிவமைப்பாளர் ரீட்வெல்ட் பெட்டிப் பலகை மாதிரியான சாதா மரத்தில் நாற்காலி செய்து, வீட்டில் பூட்டிக்கொள்ளும்படி பாகங்களாக விற்கச் செய்தார். இரண்டு பேரும் மூட்டு வேலையைத் தவிர்த்தார்கள். குறுக்குச் சட்டத்தைச் சரியான இடத்தில் போட்டே பலத்தைக் கொண்டுவந்தார்கள். நாங்கள் செய்த பெஞ்சும் அந்த வழிதான்: நீளப் பலகை, இரண்டு பக்கக் கால்சட்டம், அவற்றைச் சேர்க்கும் ஒரு குறுக்குக் கட்டை. அந்தக் குறுக்குக் கட்டை இல்லாமல் நிறுத்திப் பார்த்தால் பக்கவாட்டில் சாய்கிறது, போட்டதும் அசையவில்லை. அவர்கள் இருவருக்கும் அதற்குப் பிறகுதான் தைரியம் வந்தது.

புத்தகத்துக்கு அடுக்கு செய்தபோது கணவர் 120 செ.மீ. நீளத்தில் பலகை வாங்கி வந்திருந்தார், இரண்டு நுனியில் மட்டும் தாங்கல் கொடுக்கும் யோசனையில். ஒரு மீட்டர் புத்தக வரிசை 20 கிலோவைச் சுலபமாகத் தாண்டும். வரிசை முழுக்கப் பரவிய பாரத்துக்குப் பலகை தொய்வது தாங்கல்களுக்கு நடுவே உள்ள இடைவெளியின் நான்காம் அடுக்கில், அதாவது அந்த எண்ணை நான்கு முறை வைத்துப் பெருக்கிய கணக்கில், ஏறும். 120-ஐ 80 ஆக்கினால் தொய்வு ஐந்தில் ஒரு பங்குக்கு வந்துவிடுகிறது. தடிமனைக் கூட்டினாலும் குறையும்தான்: 18 மி.மீ.க்குப் பதில் 25 மி.மீ. போட்டால் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. ஆனால் அதற்குப் புதிதாகப் பலகை வாங்க வேண்டும். தாங்கலை உள்ளே தள்ளி வைக்கக் காசே வேண்டாம். தாங்கல்களை நுனியிலிருந்து 20 செ.மீ. உள்ளே நகர்த்தினோம். வெளியே நீண்ட பகுதியில் வைக்கும் பாரம் நடுத்தொய்வை இன்னும் கொஞ்சம் தூக்கிவிடும் என்பது கூடுதல் லாபம்.

சரக்கு ஏற்றும் மரப் பேலட்டில் சோபா செய்வது எல்லோருக்கும் ஆசை. இவர்களுக்கும். பேலட்டின் பக்கவாட்டில் கோதுமைக் கதிர் சின்னத்தோடு முத்திரை இருக்கும். அதில் ‘ஹெச் டி’ என்றால் சூட்டில் பதப்படுத்தியது, ‘எம் பி’ என்றால் மெத்தில் புரோமைடு என்ற நச்சுப் புகை போட்டது. முதலாவதை மட்டும் எடுத்தார்கள். முத்திரையே இல்லாததும், எண்ணெயோ வேறு ஏதாவதோ கொட்டிக் கறை படிந்ததும் வேண்டாம் என்று வைத்துவிட்டார்கள்.

ஆனாலும் அந்தச் சோபா முழு வெற்றி இல்லை. ஐரோப்பிய அளவுப் பேலட் 120-க்கு 80 செ.மீ., உயரம் 14.4. இரண்டை அடுக்கினால் 29 செ.மீ., மேலே மெத்தை போட்டால் உயரம் சரியாக வந்துவிடும். பிரச்சினை 80 செ.மீ. ஆழம். முதுகு சாய்ந்தால் கால் தொங்காது, கால் தொங்கினால் முதுகு சாயாது. பின்னால் தடிமனான திண்டு போட்டுச் சமாளித்தார்கள். திண்டுக்கும் மெத்தைக்கும் பழைய பஞ்சையே பயன்படுத்தியதில் சில மாதத்தில் நடுவில் குழி விழுந்துவிட்டது. உட்காரும் மெத்தைக்கு ஒரு கன மீட்டருக்கு 30 கிலோவுக்கு மேல் அடர்த்தியுள்ள ஃபோம் வேண்டும். அதைப் பின்னால் புதிதாகவே வாங்கினார்கள். உடம்பு படும் இடத்தில் மிச்சம் பிடிப்பது கடைசியில் இரட்டைச் செலவு.

திரைக்குத் துணி வாங்கவில்லை. ஓரம் தைத்த பெரிய படுக்கை விரிப்புகளே திரையாயின. ஒரு பக்கத்தை மடித்துத் தைத்தால் கம்பி நுழையும் குழாய் தயார். ஜன்னல் அகலத்துக்கு இரண்டு மடங்கு துணி இருந்தால்தான் மடிப்பு விழுந்து திரை மாதிரி இருக்கும், இல்லையென்றால் மறைப்புத் துணி மாதிரி இருக்கும். பருத்தி என்பதால் தைப்பதற்கு முன்பே துவைத்துச் சுருங்க விட்டார்கள். கம்பியை முன்பு குடியிருந்தவர்கள் போட்டுவிட்டுப் போன ஓட்டைகளிலேயே மாட்டியாகிவிட்டது.

வெளிச்சம்

செலவுக்கு மிஞ்சிய பலன் கிடைத்தது இங்கே. கூடத்தில் நடு உச்சியில் ஒரே விளக்கு, வெள்ளை வெளேரென்று. அதன் கீழே எந்தப் பழைய சாமானும் பழைய சாமானாகத்தான் தெரியும். அதை அணைத்துவிட்டு இரண்டு பழைய மேஜை விளக்குகளை வைத்தார்கள், இரண்டிலும் 2700 கெல்வின், அதாவது மஞ்சள் சாயல் வெளிச்சம் தரும் எல்இடி. ஒன்றில் மஞ்சளும் மற்றதில் வெள்ளையுமாக இருந்தால் அறை இரண்டாகப் பிளந்த மாதிரி இருக்கும், அதனால் கெல்வின் எண் ஒன்றாக இருப்பது முக்கியம். பழைய விளக்கின் வயரை விரலால் மடக்கிப் பார்க்க வேண்டும். விறைத்து வெடித்திருந்தால் வயரும் பிளக்கும் புதிதாகப் போடாமல் ஏற்றக் கூடாது. காகிதத்தில் கூடு செய்தது எல்இடி என்பதால்தான். சூடேறும் குண்டு பல்புக்கு அது ஆகாது.

ஒரே ஒரு ஓட்டை

இழுப்பறைப் பெட்டி ஒன்று கிடைத்திருந்தது, கட்டை மரம், ஆளுயரத்தில் பாதிக்கு மேல். உள்ளே பழைய வாசனை. வெயிலில் காய வைத்தும் போகவில்லை. உள்பக்கம் முழுவதும் மெழுகு நீக்கிய அரக்கை ஸ்பிரிட்டில் கரைத்து ஒரு கை பூசியதும் அடங்கிவிட்டது. வாசனையை உள்ளேயே அடைத்துவிடும் பூச்சு அது. வெளிப்பக்கம் ஆளிவிதை எண்ணெய் தடவினோம். அந்த எண்ணெய் தோய்ந்த துணியைச் சுருட்டிக் குப்பையில் போட்டால் தானாகவே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துப் போட்டு வெளியே காய வைத்துவிட்டுத்தான் எறிய வேண்டும். எண்ணெய் டப்பாவில் பொடி எழுத்தில் இருக்கும் இந்த எச்சரிக்கையைப் படிப்பவர்கள் குறைவு.

இழுப்பறைகளைத் திறந்து அதில் கால் வைத்துக் குழந்தை ஏறினால் இந்த மாதிரிப் பெட்டி அப்படியே முன்னால் கவிழும். சுவரோடு பிணைத்தாக வேண்டும். வீட்டுக்காரரோ ஓட்டை கூடாது என்பவர். இந்த ஒரு விஷயத்துக்கு மட்டும் அவரிடம் போய்ப் பேசினோம், எங்கே எத்தனை ஓட்டை, காலி செய்யும்போது எப்படி அடைத்துக் கொடுப்போம் என்று சொன்னோம். கையால் பெட்டியின் மேல் இழுப்பறைகளைத் திறந்து ஒரு தட்டு தட்டிக் காட்டியதும் மறுபேச்சு இல்லாமல் சம்மதித்தார்.

ஒரு வருடம் கழித்து

மேஜை அசையவில்லை. புத்தக அடுக்கு தொய்யவில்லை, ஆனால் கீழ்த்தட்டுப் புத்தகங்களை எல்லாம் குழந்தை இழுத்துப் போடுவதால் அந்தத் தட்டில் இப்போது கனமான, கிழியாத பொருள்கள். நான்கு நாற்காலிகளில் ஒன்றின் பின்னல் இருக்கை அறுந்துவிட்டது, அதற்குப் பலகை வெட்டிப் போட்டிருக்கிறார்கள், என்னைக் கூப்பிடாமலே. பேலட் சோபாவை மாற்றிவிட்டு, சட்டம் உறுதியான, பஞ்சு மட்டும் போன ஒரு பழைய சோபாவைத் தேடிக்கொண்டிருக்கிறார் கணவர். டார்ச்சும் டேப்பும் எப்போதும் வண்டியில் இருக்கின்றன. இதுவரை இரண்டைக் கவிழ்த்துப் பார்த்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

பெஞ்ச் பால்கனிக்குப் போய்விட்டது, செடி வைக்க. உள்ளே வைக்கவென்று பூசிய பாலிஷ் மழைக்குத் தாங்காது; மழைக்காலத்துக்கு முன் தேய்த்துவிட்டு வெளிப்புற வார்னிஷ் அடிக்கச் சொல்லியிருக்கிறேன், முக்கியமாகக் கால்களின் அடி வெட்டுமுகத்தில். தண்ணீர் ஏறுவது அங்கிருந்துதான்.